ஏழாவது ஓட்டை

அன்று காலை ஏழரை மணிக்கு வேனுக்குள் இருந்தவர்கள் மூன்று பேர். அப்பா பின்பக்கத்துப் பெஞ்சில், ஜன்னலை ஒட்டி, மடியில் பட்டியலோடு உட்கார்ந்திருந்தார். பெரியவள் கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல். சின்னவன் ஓட்டுநர் இருக்கையில், இரண்டு பேருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு. டவுன் பஸ் ஓட்டிப் பழகியவன். பின்னாலிருந்து யார் என்ன கேட்டாலும் தலைக்கு மேலுள்ள கண்ணாடியைப் பார்த்துத்தான் பதில் சொல்வான்.

நான்காவதாக இன்னொருத்தியும் இருந்தாள். அவள் எங்கே இருந்தாள் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

அப்பாவின் தங்கையான அத்தையிடமிருந்து ஒன்பது வருடங்களுக்குப் பிறகு கடிதம் வந்ததும், அதை அப்பா மூன்று நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்துவிட்டு நான்காம் நாள் 'போகலாம்' என்று ஒரே வார்த்தை சொன்னதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். போவதென்றால் இரண்டு நாள் பயணம். அப்பாவுக்கோ பதினான்கு மாதமாக வயிற்று வழி டயாலிசிஸ். ஒரு நாளைக்கு நான்கு தடவை, தொப்புளுக்குப் பக்கத்தில் தொங்கும் குழாய் வழியாகப் பழைய நீரை வடித்துவிட்டுப் புது நீரை ஏற்ற வேண்டும். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி, முகமூடி போட்டு, கையை முழங்கை வரை கழுவி, அரைமணி நேரம். தூசு கூடாது, ஈ கூடாது. பஸ்ஸிலோ ரயிலிலோ அதற்கு எங்கே போவது?

அதற்காகத்தான் உள்ளேயே தங்கிப் பயணம் போகிற மாதிரி கட்டிய பழைய கேம்பர் வேன் ஒன்றை வாங்கினார்கள். "எலி வளையானாலும் தனி வளை வேணும்னு சும்மாவா சொன்னாங்க" என்று சிரித்துக்கொண்டே அப்பா அதன் சாவியை வாங்கினார். தன் வாக்கு அப்படியே பலிக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. சென்ற வாரம் தொட்டிக்கடியில் எலிப் புழுக்கை தென்பட்டது. கார் கண்ணாடி பொருத்தும் பட்டறை வைத்திருக்கும் பெரியவள் ஞாயிற்றுக்கிழமை முழுக்க வேனுக்கடியில் மல்லாந்து படுத்து, குழாய் நுழையும் இடம், ஒயர் நுழையும் இடம், சக்கரத்துக்கு மேலே துருப்பிடித்த இடம் என்று ஏழு ஓட்டைகளைக் கண்டுபிடித்தாள். ஏழிலும் கம்பி நாரைத் திணித்து, கண்ணாடிக்குப் போடும் கறுப்புப் பசையால் மெழுகிவிட்டாள்.

இன்று வியாழன். நாளை விடிந்ததும் புறப்பாடு.

"கையுறை?" அப்பா பட்டியலைப் படித்தார்.

"இருக்கு."

"முகமூடி?"

"ரெண்டு டப்பா."

"முதல் பெட்டி, ரெண்டாம் பெட்டி பார்த்தாச்சு. மூணாவது?"

பெரியவள் குனிந்து பெஞ்சுக்கு அடியிலிருந்து மூன்றாவது பெட்டியை இழுத்தாள். மருந்து நீர்ப் பைகள் அடுக்கிய அட்டைப்பெட்டி. பின்மூலையில் ஒரு கட்டைவிரல் நுழையும் அளவுக்கு அட்டை கொறிக்கப்பட்டிருந்தது. அந்த ஓட்டைக்கு நேரே இருந்த பையின் மேலுறையில் நனைந்த பளபளப்பு. பக்கத்தில் மூன்று புழுக்கைகள், இன்னும் காயாமல்.

அவள் பெட்டியை உள்ளே தள்ளினாள்.

"சரியா இருக்குப்பா."

கண்ணாடியில் சின்னவனின் கண்கள் அவளைப் பார்த்துவிட்டு விலகின.

"என்ன கதாநாயகரே, உங்க சின்ன வீடு தயாரா?" என்றான் அப்பாவிடம்.

"வாய அடக்குடா. அக்கா இருக்கா."

"அக்காதான் அதைக் கழுவித் தொடைச்சு வெச்சிருக்கா. சக்களத்தின்னு நெனைக்கல."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. பட்டியலை நான்காக மடித்துப் பையில் வைத்தார். மணி எட்டாகப் போகிறது; காலைப் பை மாற்ற வேண்டும். பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி வீட்டுக்குள் போனார். அவர் அறைக் கதவு சாத்தப்படும் சத்தமும் தாழ்ப்பாள் விழும் சத்தமும் கேட்டன.

அரைமணி நேரம் இருந்தது.

"எவ்வளவு மோசம்?" என்றான் சின்னவன். அவனே இறங்கி வந்து பெட்டியை இழுத்துப் பார்த்தான்.

"ஏழு ஓட்டையையும் அடைச்சேன்டா. ஒரு எறும்புகூட வர முடியாது."

"அப்புறம் எப்படி?"

பெரியவள் வாளிமேல் உட்கார்ந்தாள். அவளுக்கு அந்த நொடியில்தான் விளங்கியது.

"வெளிய இருந்து வரக்கூடாதுன்னு அடைச்சேன். உள்ள ஏதாவது இருக்கான்னு பார்க்கவே இல்ல. நானே பூட்டிட்டேன்."

இரண்டு தலைமுறையாக அடைப்பதில் பேர் வாங்கிய குடும்பம் அது. அப்பா நகரக் குடிநீர் வாரியத்தில் கசிவுப் பிரிவில் முப்பத்தொரு வருடம் இருந்தவர். மகள் கண்ணாடி பொருத்தினால் மழைத்தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே வராது. அடைக்கத் தெரியாத ஒருவர் செய்திருந்தால் எலி எப்படியோ வெளியே போயிருக்கும்.

"சரி விடு" என்றான் சின்னவன். "இந்தப் பெட்டிய தூக்கிப் போட்டுடலாம். ஒரு பொறி வாங்கி வெச்சா போற வழியிலயே மாட்டிக்கும். அப்பாகிட்ட சொல்லாத."

"என்னடா பேசற?"

"எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவாங்களா? நாளைக்குக் கெளம்பியே ஆகணும்."

"அப்பா வயித்துல ஓட்டை போட்டுக் குழாய் வெச்சிருக்காங்க. இந்தப் பெஞ்சுல உட்கார்ந்துதான் அதைத் திறக்கப் போறார். எலி மூத்திரம் காஞ்ச தூசு ஒரு துளி உள்ள போனா என்னாகும்? டாக்டர் சொன்னப்போ நீயும்தான பக்கத்துல நின்ன?"

"நின்னேன்."

"அப்புறம் ஏன் இந்த அவசரம்? அடுத்த வாரம் போனா அத்தை ஓடியா போயிடுவாங்க?"

அவன் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான், துண்டித்தான். நேற்று முன்தினத்திலிருந்து இது ஐந்தாவது தடவை.

அழைத்தது அத்தையின் பக்கத்து வீட்டுத் தையற்காரி. நேற்று முன்தினம் அவள் சொன்ன செய்தியைச் சின்னவன் யாரிடமும் சொல்லவில்லை. அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அறுவை சிகிச்சையை இதயம் தாங்குமா என்று டாக்டர்கள் யோசிக்கிறார்கள். 'அண்ணன் வருவார், வருவார்னு வாசலையே பார்த்துட்டு இருக்காங்க தம்பி.' அப்பாவிடம் சொன்னால் பதறுவார். பதறினால் பை மாற்றும்போது கை நடுங்கும். பேசாமல் வண்டியில் ஏற்றி நேரே மருத்துவமனை வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடலாம் என்று அவன் தனக்குள் தீர்மானித்திருந்தான்.

அக்காவிடமாவது சொல்லலாமென்று வாயைத் திறந்தான்.

"எனக்கு என்ன தோணுது தெரியுமா?" என்றாள் பெரியவள், அவன் முகத்தைப் பார்க்காமலே. "ஒன்பது வருஷம் முன்னாடி அத்தையும் இப்படித்தான் ஒரு கதவுக்கு வெளிய நின்னிருப்பாங்க. உள்ள அம்மா. சொல்றதா வேண்டாமான்னு."

அந்தக் கதையை இந்த வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. அம்மாவுக்கு வந்திருப்பது தீராத நோய் என்று டாக்டர் சொன்ன அன்றே, அவளிடம் யாரும் மூச்சுவிடக் கூடாது என்று அப்பா உத்தரவு போட்டார். எல்லோரும் அடங்கினார்கள். அத்தை மட்டும் ஒருநாள் மத்தியானம் அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து உள்ளதைச் சொல்லிவிட்டாள். அப்பா அன்று அடைத்த கதவு இந்தக் கடிதம் வரும்வரை திறக்கவில்லை. இடையில் ஒருமுறை அத்தை போனில் கூப்பிட்டாள். அவர் பாதிப் பேச்சில் வைத்துவிட்டார்.

"அம்மா கடைசி ரெண்டு மாசம் எவ்வளவு பேசினாங்க, ஞாபகம் இருக்கா?" என்றாள் பெரியவள். "அதுக்கு முன்னாடி சுவத்தைப் பார்த்துப் படுத்திருந்தவங்க."

சின்னவன் வாயை மூடிக்கொண்டான். உள்ளே தாழ்ப்பாள் விலகியது.

அப்பா வடிந்த நீர்ப் பையைக் கையில் ஏந்தி முன்னறைக்கு வந்திருந்தார். மேஜைமேல் செய்தித்தாளை விரித்து அதன்மேல் பையை வைத்தார். பைக்கு ஊடாக எழுத்துகளைப் படிக்க முடிந்தால் நீர் தெளிவாக இருக்கிறது, உள்ளே கிருமி இல்லை என்று பொருள். தினமும் நான்கு தடவை இப்படித்தான் அவர் செய்தித்தாளைப் படிப்பார்.

"தெளிவா இருக்கு" என்று நோட்டில் குறித்தார்.

பெரியவள் மேஜையின் எதிரே நின்றாள். சின்னவன் நிலைப்படியைத் தாண்டவில்லை.

"அப்பா, வேனுக்குள்ள எலி இருக்கு."

"போன வாரம் இருந்துச்சு."

"இப்பவும் இருக்கு. மூணாவது பெட்டியக் கடிச்சிருக்கு. சரியா இருக்குன்னு காலைல நான் சொன்னது பொய்."

கோபம் வந்தால் அப்பா கத்தமாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். இப்போது வெகுநேரம் துடைத்தார்.

"எத்தனை ஓட்டை அடைச்ச?"

"ஏழு."

"உள்ள காலியான்னு பார்த்துட்டு அடைச்சியா?"

"இல்லப்பா."

"தண்ணிய நிறுத்தாம எவனாவது குழாய ஒட்டுவானா?"

அவர் வாசல் பக்கம் திரும்பினார்.

"உனக்கும் தெரியுமா?"

"தெரியும்பா. நான்தான் சொல்ல வேண்டாம்னு சொன்னேன்."

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார். அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு நீளமான துணிப்பையை எடுத்தார். அதற்குள் அவருடைய கேட்புக் கம்பி இருந்தது. இடுப்புயர இரும்புக்கம்பி, மேல்முனையில் காதை வைக்க மரக்குமிழ். முப்பத்தொரு வருடம் அதைத் தெருத்தெருவாக ஊன்றி, பூமிக்கடியில் எங்கே தண்ணீர் கசிகிறது என்று கேட்டவர். ஓய்வு பெற்ற நாளில் வாரியம் கொடுத்த சால்வையை யாருக்கோ கொடுத்துவிட்டார். கம்பியை மட்டும் கேட்டு வாங்கி வந்தார்.

"முகமூடி போட்டுக்கங்கப்பா."

"போட்டுட்டுத்தான் இருக்கேன். கழுத்துல தொங்குது. கண்ணு எனக்குப் போச்சா, உனக்கா?"

வேனுக்குள் அவர் பெஞ்சில் உட்காரவில்லை. பக்கச்சுவரின் பலகைகளில் ஒவ்வொரு சாணுக்கும் கம்பியின் முனையை வைத்து, குமிழில் காதை வைத்து, கண்ணை மூடினார். தொட்டிக்குக் கீழே ஒன்றும் இல்லை. கதவோரம் ஒன்றும் இல்லை. இடது சக்கரத்துக்கு மேலே, பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்துக்குப் பின்னால், அவர் விரல் மெல்ல உயர்ந்தது. இருவரும் மூச்சை அடக்கினார்கள்.

"ஒண்ணு இல்ல" என்றார் சன்னக் குரலில். "குட்டி போட்டிருக்கு."

பெரியவள் திருகாணிகளைக் கழற்றினாள். பதினொன்று. பலகையை அப்படியே சாய்த்து எடுத்தபோது வெப்பம் தடுக்க வைத்திருந்த பஞ்சுக்குள் ஒரு கிண்ணம் மாதிரி குழிவு தெரிந்தது. பெட்டி அட்டையின் துணுக்குகளும் திரைச்சீலையின் நீல நூல்களும் அதில் பின்னியிருந்தன. நடுவே விரல்நுனி அளவில் ஐந்து குட்டிகள். ரோமம் இல்லை, கண் திறக்கவில்லை. அவற்றின்மேல் பரவிப் படுத்திருந்த தாய் ஓடவில்லை. அதன் முன்கால்களில் ரத்தம் காய்ந்திருந்தது. அதற்குக் கீழே, ஏழாவது ஓட்டையை மூடிய கம்பி நாரில் நாலாபக்கமும் பிறாண்டிய தடம்.

"நாலு நாளா வெளிய போகப் பார்த்திருக்கு" என்றாள் பெரியவள்.

"முறத்துல அள்ளிடவா?" என்றான் சின்னவன்.

"வேண்டாம். அள்ளினா தாய் தெறிச்சு ஓடும். இன்னொரு பலகைக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கும். மறுபடி மொதல்லேர்ந்து தேடணும்." அப்பா கம்பியை மடியில் கிடத்தினார். "ஒரு ஓட்டையத் திற. எல்லாத்தையும் இல்ல. அந்த ஏழாவது மட்டும்."

பெரியவள் வேனுக்கடியில் படுத்தாள். தான் போட்ட பசையைத் தானே கத்தியால் கீறி எடுக்க அவளுக்கு இருபது நிமிடம் பிடித்தது. அத்தனை கெட்டியாகப் போட்டிருந்தாள். பிறகு பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு மூவரும் இறங்கினார்கள். அப்பா வேனுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, கம்பியை வெளித்தகட்டில் வைத்துக் காதைக் கொடுத்தார்.

பத்தே முக்காலுக்கு முதல் குட்டி வந்தது. தாய் அதைக் கழுத்தில் கவ்விக்கொண்டு சக்கரத்தின் வழியாக இறங்கி, மதிலோரமாக ஓடி, பின்புறத்துக் காலி மனையின் கற்குவியலுக்குள் மறைந்தது. சற்றுப் பொறுத்து வெறும் வாயோடு திரும்பி வந்தது. யாரும் அசையவில்லை. டவுன் பஸ்ஸில் ஆயிரம் கூச்சலுக்கு நடுவே உட்கார்ந்து பழகிய சின்னவன்கூடத் தூணோடு தூணாக நின்றான்.

"மூணு" என்றார் அப்பா.

"நாலு."

ஐந்தாவதுக்கு வெகுநேரம் ஆனது. அப்பா கம்பியிலிருந்து காதை எடுக்கவில்லை. கடைசியில் அதையும் கவ்விக்கொண்டு அது மதிலைத் தாண்டியது. அவர் இன்னும் கால்மணி நேரம் கேட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"இப்ப காலி. இப்ப அடை."

மத்தியானப் பை மாற்றிவிட்டு வந்து அவர் கணக்குச் சொன்னார். பஞ்சு முழுவதையும் உரித்து எடுக்க வேண்டும். பெருக்கக் கூடாது, தூசு பறக்கும். கிருமிநாசினி கலந்த தண்ணீரில் நனைத்துத்தான் துடைக்க வேண்டும், மூன்று தடவை. பலகை காய வேண்டும். பெட்டிகளைப் புதிதாக வரவழைக்க வேண்டும்.

"அடுத்த வியாழனுக்கு முன்னாடி நடக்காது."

சின்னவனின் கை போன் இருந்த பைக்குப் போனது. "அவ்வளவு நாளா?"

"ஒன்பது வருஷம் போச்சு. ஒரு வாரத்துல என்ன குறைஞ்சுடும்?"

"போன் போடட்டுமாப்பா?" என்றாள் பெரியவள்.

"வேண்டாம். போன்ல பேசினா நீ பாதியில வெச்சுடுவ, எழுதுன்னு அவளே எழுதியிருக்கா. தாள் கொண்டா."

அப்பா மேஜைமேலிருந்த செய்தித்தாளை ஓரமாக ஒதுக்கிவிட்டு எழுதினார். அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒரே பக்கம். எழுதி முடித்ததும், அலுவலக அறிக்கையைப் படிக்கிற குரலில் படித்துக் காட்டினார்.

'தங்கைக்கு. நாளை புறப்படுவதாக எழுதியிருந்தேன். வர முடியவில்லை. வேனில் எலி குட்டி போட்டிருந்தது. அது ஏன் பெரிய விஷயம் என்றால், எனக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. உன்னிடம் சொல்லக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்தேன். அன்று அவளிடம் நீ உள்ளதைச் சொன்னாய். இன்று என்னிடம் என் மகள் சொன்னாள். கோபம் வந்தது. கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் போய்விட்டது. அதற்கு ஒன்பது வருடம் எடுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அடுத்த வியாழன் புறப்படுகிறேன். இனி நமக்குள் ஒளிவு வேண்டாம். அண்ணன்.'

பெரியவள் முந்திக்கொண்டு பேனாவை வாங்கி, கீழே 'அத்தை, எனக்கு உங்களைப் பார்க்கணும்' என்று ஒரு வரி சேர்த்தாள். எழுத்து கோணலாக விழுந்தது. விரல்களில் இன்னும் கறுப்புப் பசை.

"உனக்கு ஏதாவது சேர்க்கணுமா?" என்று அப்பா சின்னவனைக் கேட்டார். "ஒட்டினா ஒட்டினதுதான்."

பையில் போன் அதிர்ந்தது. ஆறாவது தடவை. அவன் அதைக் கையால் அமுக்கிக்கொண்டான்.

சொல்லிவிடத்தான் நினைத்தான். கடிதத்தைப் படித்து முடித்த அப்பாவின் முகத்தைப் பார்த்தான். ஒன்பது வருடத்தில் அப்படியொரு இளைப்பாறல் அந்த முகத்தில் அவன் கண்டதில்லை.

"இல்லப்பா."

அப்பா உறையின் வாயில் பசை தடவி மடித்தார். கேட்புக் கம்பியின் மரக்குமிழால் அந்த ஓரத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அழுத்தித் தேய்த்தார்.

"பதிவுத் தபால்ல போடு. ரசீது வாங்கிட்டு வந்து என் கையில குடு. கோப்புல வெக்கணும்."

தபால் அலுவலகத்தில் மூடும் நேரம். கவுன்டரில் இருந்த அம்மாள் முத்திரைக் கட்டையைக்கூட எடுத்து வைத்துவிட்டாள். சின்னவன் உறையை நீட்டிவிட்டு, அவள் வாங்கப் போகும்போது விடாமல் பிடித்துக்கொண்டான்.

"குடுங்க சார். மூடற நேரம்."

"இந்த வீடு பூட்டியிருக்குங்க. வேற முகவரி எழுதலாமா?"

"அடிச்சுட்டுப் பக்கத்துல தெளிவா எழுதுங்க. என்ன எழுதறீங்களோ அதுதான் ரசீதுலயும் வரும்."

அவன் கயிற்றில் கட்டியிருந்த பேனாவை எடுத்தான். அப்பாவின் அழகான எழுத்தில் இருந்த கதவு எண்ணையும் தெருவையும் ஒரே கோட்டில் அடித்தான். தையற்காரி சொன்னது மனப்பாடமாக இருந்தது. மருத்துவமனையின் பெயர், பெண்கள் எலும்பு முறிவுப் பிரிவு, படுக்கை எண் பத்தொன்பது.

அம்மாள் படித்துப் பார்த்தாள். அவனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். எடை போட்டு, தட்டச்சு செய்து, ரசீதைக் கிழித்துக் கொடுத்தாள்.

மருத்துவமனையின் பெயர் அதில் கறுப்பாக, எழுத்து எழுத்தாக அச்சாகியிருந்தது. வீட்டு வாசலில் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து கையை நீட்டப் போகிறார். எதையும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கோப்பில் வைப்பார்.

"வேற ஏதாவது இருக்கா?" என்றாள் அம்மாள்.

"இல்லைங்க."

அவள் உறையின்மேல் முத்திரை குத்தி, திரும்பிப் பார்க்காமல் பின்னாலிருந்த சாக்கில் போட்டு, சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினாள்.